அந்தக் கம்பெனியை நடத்துவது யார்?

நெட்வொர்க் மார்க்கெட்டிங் (எம்.எல்.எம்.) கூட்டங்களில் பேசப்படாத விஷயமே கிடையாது. பைனரியில் இடது பக்கம் எத்தனை ஐடி, வலது பக்கம் எத்தனை ஐடி, பேஅவுட் எந்தக் கிழமை வரும், எந்த ரேங்கில் கார், எந்த ரேங்கில் துபாய் டூர் எல்லாவற்றுக்கும் ஸ்லைடு இருக்கும். "இந்தக் கம்பெனியை நடத்துகிறவர் யார்? இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். மேடையில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, "சார், நெகட்டிவாக யோசிக்காதீர்கள், முதலில் பிளானைப் புரிந்துகொள்ளுங்கள்" என்பார்.

நான் தலைகீழாகச் சொல்கிறேன். முதலில் ஆளைப் புரிந்துகொள்ளுங்கள். பிளானை அப்புறம் பார்க்கலாம்.

பிளான் என்பது ஒரு ராத்திரியில் மாறக்கூடியது. பொருளும் அப்படித்தான். நேற்று தங்கக் காசு, இன்று ஆரோக்கிய பானம், நாளை கிரிப்டோ, அதற்கு மறுநாள் விளம்பரம் பார்த்தால் பணம். கம்பெனியின் பெயரை மாற்றச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆட்கள் மட்டும் மாறுவதில்லை. ஒரு திட்டம் மூடப்பட்டு ஆறு மாதத்தில் இன்னொரு திட்டம் முளைக்கும்போது அதன் மேல்மட்டத்தில் பெரும்பாலும் பழைய முகங்களே இருக்கும். அதனால் எதையாவது தோண்டுவதென்றால் ஆட்களின் பின்னணியைத் தோண்டுங்கள்.

இது புதிய யோசனையும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பத்திரிகை இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1920-ல் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். பன்னாட்டு அஞ்சல் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றுவதாக அவருடைய விளக்கம். கேட்டால் நியாயமாகத்தான் படும். அதை வைத்துப் பொருளாதாரம் தெரிந்தவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டன் போஸ்ட் பத்திரிகை ஒரு நிருபரைக் கனடாவின் மான்ட்ரியலுக்கு அனுப்பியது. போன்சி அங்கே சார்லஸ் பியாங்கி என்ற பெயரில் இருந்ததும், 1908-ல் கையெழுத்து மோசடிக்காகத் தண்டனை பெற்றதும், சிறையில் இருந்ததும் வெளியே வந்தன. அவர் அங்கே வேலை பார்த்த வங்கி எப்படி நடந்தது தெரியுமா? புதிதாக வரும் டெபாசிட்டை எடுத்துப் பழைய டெபாசிட்டுக்கு வட்டி கொடுத்து நடந்தது. பாஸ்டனில் அவர் செய்ததும் அதுதான். 1920 ஆகஸ்ட் 11 அன்று அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வந்தது. மறுநாள் போன்சி சரணடைந்தார். அந்தப் பத்திரிகைக்கு 1921-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கூப்பன் கணக்கை விவாதித்துக்கொண்டே இருந்திருந்தால் இன்னும் எத்தனை குடும்பம் போயிருக்குமோ. ஆளின் பழைய வரலாறு ஒரே நாளில் விஷயத்தை முடித்து வைத்தது.

நம் காலத்துக்கு வருவோம். ஒன்காயின் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-ல் பல்கேரியாவிலிருந்து தொடங்கிய போலி கிரிப்டோ. எம்.எல்.எம். முறையில் உலகம் முழுக்க விற்றார்கள். 2017 ஏப்ரலில் நவி மும்பையில் இதற்காகக் கூட்டம் நடத்தியவர்களைப் போலீஸ் கைது செய்தது. மொத்தம் 18 பேர். அமெரிக்க அதிகாரிகளின் கணக்குப்படி 400 கோடி டாலருக்கு மேல் மக்கள் பணம் போயிருக்கிறது.

இதன் தலைவி ருஜா இக்னாடோவாவைப் பற்றி மேடைகளில் என்ன சொன்னார்கள்? சட்டத்தில் முனைவர் பட்டம், மெக்கின்சி நிறுவனத்தில் வேலை. கவனியுங்கள், இரண்டும் உண்மை. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில்தான் படித்தார். மோசடிக்காரர்கள் சொல்வதெல்லாம் பொய்யாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தேடப் போனால் இங்கேயே ஏமாந்துவிடுவோம். நாலு உண்மையைச் சரிபார்த்ததும் மனம் சமாதானம் ஆகிவிடும். சொல்லாமல் விட்டதைத்தான் தேட வேண்டும். அவரும் அவருடைய அப்பாவும் ஜெர்மனியில் வால்டென்ஹோஃபென் என்ற ஊரில் ஒரு வார்ப்பாலையை வாங்கினார்கள். அது சீக்கிரமே திவாலானது. அந்த விவகாரத்தில் மோசடிக் குற்றம் நிரூபிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்ட 14 மாதச் சிறைத்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. ஒன்காயினுக்கு முன்னால் பிக்காயின் என்று இன்னொரு எம்.எல்.எம். காசு. அதிலும் அவர் இருந்தார். கூட்டாளி செபாஸ்டியன் கிரீன்வுட்டும் எம்.எல்.எம். உலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

போர்ப்ஸ் பத்திரிகை அட்டையில் ருஜா இருப்பதாக ஒரு படம் சுற்றியது. அது பல்கேரியப் போர்ப்ஸ் இதழில் காசு கொடுத்துப் போட்ட விளம்பரப் பக்கம். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்த ஒரு படத்தை வாட்ஸாப்பில் பார்த்துப் பணம் போட்டார்கள். 2016-ல் லண்டன் வெம்பிளி அரங்கத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்க மேடை ஏறியவர், 2017 அக்டோபர் 25 அன்று சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு ஆளைக் காணோம். 2022-ல் எஃப்.பி.ஐ.யின் அதிகம் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்தார்கள். தகவல் தருபவருக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு என்று 2024-ல் அறிவித்தார்கள். கிரீன்வுட்டுக்கு 2023-ல் 20 ஆண்டு சிறை.

அதைவிடக் கொடுமையானது ஹைப்பர்வெர்ஸ் என்ற கிரிப்டோ திட்டம். 2021 டிசம்பரில் இணையவழி விழா நடத்தி ஒரு தலைமைச் செயல் அதிகாரியை அறிமுகப்படுத்தினார்கள். பெயர் ஸ்டீவன் ரீஸ் லூயிஸ். லீட்ஸ் பல்கலைக்கழகப் பட்டதாரி, கேம்பிரிட்ஜில் முதுகலை, கோல்ட்மேன் சாக்ஸில் வேலை, தன் கம்பெனியை அடோபி நிறுவனத்துக்கு விற்றவர். கார்டியன் பத்திரிகையின் ஆஸ்திரேலியப் பதிப்பு நிருபர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். லீட்ஸில் பதிவு இல்லை. கேம்பிரிட்ஜில் இல்லை. பிரிட்டன் கம்பெனிப் பதிவேட்டில் இல்லை. அடோபி அப்படி எதையும் வாங்கவில்லை. கடைசியில், 2024 தொடக்கத்தில், அந்த "தலைமைச் செயல் அதிகாரி" தாய்லாந்தில் வசித்த ஓர் ஆங்கிலேயர் என்றும், எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுவதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் என்றும் தெரிந்தது. தன்னை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்றார் அவர். சம்பளத்தோடு ஒரு கோட்டு சூட்டும் கொடுத்திருந்தார்கள்.

இந்த அதிகாரியைப் பற்றிச் சரிபார்க்க நிருபர் வேலை தேவையே இல்லை. பிரிட்டன் கம்பெனிப் பதிவேட்டை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். திருப்பூரிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்கலாம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் கணக்குப்படி அந்தத் திட்டத்தில் உலகம் முழுக்க 170 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. பணம் கட்டியவர்களில் பத்தில் ஒருவர் அந்தப் பதிவேட்டைத் திறந்திருந்தாலும் சங்கதி அன்றைக்கே வெளியே வந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, நம்மூருக்கு எப்படி?

இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனிக்கும் 21 இலக்க சி.ஐ.என். எண் உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. நடுவில் இருக்கும் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த நான்கு இலக்கம் பதிவு செய்த வருடம். "இருபது வருடப் பாரம்பரியம்" என்று நோட்டீஸ் அடித்த கம்பெனியின் எண்ணில் 2023 என்று இருந்தால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துவிடலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் எம்.சி.ஏ. மாஸ்டர் டேட்டா என்ற பகுதியில் இந்த எண்ணைப் போட்டால் பதிவு அலுவலக முகவரி, செலுத்தப்பட்ட மூலதனம், கடைசியாக வரவு செலவுக் கணக்கு தாக்கல் செய்த தேதி, இயக்குநர்கள் பெயர் எல்லாம் வரும். இதற்குக் காசு கிடையாது. நூறு ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையே சில மணி நேரம் திறந்து பார்க்கலாம். யார் கையில் எத்தனை பங்கு, லாபம் எவ்வளவு, தணிக்கையாளர் யார், எல்லாம் அதில் இருக்கும். நூறு கோடி விற்றுமுதல் என்று மேடையில் சொன்னவர் அரசாங்கத்துக்கு எவ்வளவு காட்டியிருக்கிறார் என்பதை நூறு ரூபாயில் பார்த்துவிடலாம்.

ஒவ்வோர் இயக்குநருக்கும் எட்டு இலக்க டி.ஐ.என். எண் ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கருவி இதுதான். ஒருவர் பத்துக் கம்பெனி தொடங்கினாலும் எண் ஒன்றுதான். அதை வைத்துத் தேடினால் இதற்கு முன் அவர் எந்தெந்தக் கம்பெனியில் இருந்தார், அவற்றில் எத்தனை கம்பெனியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது என்று தெரியும். தொடர்ந்து மூன்று வருடம் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள் என்பது கம்பெனிச் சட்டம். 2017-ல் இப்படி லட்சக்கணக்கானவர்களை மொத்தமாகத் தகுதி நீக்கம் செய்தார்கள். அதில் சோம்பலாலும் அறியாமையாலும் மாட்டியவர்களும் உண்டு. ஆகவே அந்த ஒன்றை மட்டும் வைத்து யாரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மூன்று நான்கு கம்பெனி தொடங்கி, ஒவ்வொன்றும் ஒன்றரை வருடத்தில் மூடப்பட்டு, எல்லாமே "மார்க்கெட்டிங்", "என்டர்பிரைசஸ்", "ட்ரேடர்ஸ்" என்று முடிந்தால் யோசிக்க வேண்டும்.

டி.ஐ.என். கிடைக்காமல் வெறும் பெயரை வைத்துத் தேடுவது தமிழ்ப் பெயர்களில் பெரும்பாடு. நமக்கு இன்ஷியல் பழக்கம். கோவிந்தன் மகன் செல்வம் என்பவர் பிட் நோட்டீஸில் ஜி. செல்வம். கம்பெனிப் பதிவேட்டில் அப்பா பெயர் விரிந்து செல்வம் கோவிந்தன் ஆகியிருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினவர் கோவிந்தன் செல்வம் என்று போட்டிருப்பார். நீதிமன்றப் பதிவில் எழுத்தர் கேட்டபடி ஓர் எழுத்துக்கூட்டல், எஃப்.ஐ.ஆரில் வேறொன்று. அழகர், தமிழ், பழனி என்று ழகரம் வரும் பெயர் என்றால் ஆங்கிலத்தில் ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். மூர்த்தி என்பதை மட்டும் நாலு விதமாக எழுதுகிறார்கள். எனவே ஒரு பெயரைக் குறைந்தது ஐந்தாறு விதமாக எழுதித் தேடுங்கள். தமிழிலும் தேடுங்கள். ஊர்ப் பெயரையும் "மோசடி", "கைது", "முற்றுகை" போன்ற சொற்களையும் சேர்த்துப் போடுங்கள். நம் பத்திரிகைகளின் மாவட்டச் செய்திகளில் வரும் ஐந்து வரிச் செய்தி ஆங்கிலத்தில் எங்கேயும் இருக்காது. அந்த ஐந்து வரிதான் பல நேரம் உண்மையான பின்னணி.

இதே காரணத்தால் எதிர்ப்பக்கத்திலும் நிதானம் வேண்டும். நம் மாநிலத்தில் ஜி. செல்வம் ஒருவரா, ஆயிரம் பேரா? பெயர் ஒத்துப்போனதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் பழி விழும். பெயரோடு அப்பா பெயர், ஊர், வயது, உடனிருந்த கூட்டாளிகளின் பெயர் என இன்னும் குறைந்தது இரண்டு விவரம் பொருந்தினால்தான் நான் அதைக் கணக்கில் எடுப்பேன். பொருந்தாவிட்டால் விட்டுவிடுவேன். ஆதாரம் முழுதாக இல்லாமல் பொதுவில் குற்றம் சாட்டுவது அவதூறு வழக்கிலும் கொண்டுபோய் விடும். தெரிந்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள். புகார் என்றால் போலீசில் எழுத்தில் கொடுங்கள்.

வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றம் வரைக்கும் கட்சிக்காரர் பெயரைப் போட்டுத் தேடலாம். தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன். பணம் திரட்டுவது பற்றிய எச்சரிக்கைகளுக்கும் புகார்களுக்கும் ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்த சசேத் தளம். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை விதித்து வெளியிட்ட உத்தரவுகள் செபி தளத்திலேயே கிடைக்கும். இலங்கையில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு, ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் பார்க்கும் பிரமிட் திட்டங்களை நேரடியாகத் தடை செய்கிறது. அந்தப் பிரிவை மீறியதாகக் கண்டறிந்த நிறுவனங்களின் பெயரை மத்திய வங்கியே பட்டியலாக வெளியிடுகிறது. ஒன்மேக்ஸ் டிடி போன்றவை அதில் இருக்கின்றன.

வழக்கைத் தேடுகிறவர்கள் அதன் முடிவு வரைக்கும் போக வேண்டும். எம்.எல்.எம். முறையில் தங்கக் காசு விற்ற கோல்ட்குவெஸ்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் சென்னையில் எத்தனை வீட்டில் அந்தத் தங்கக் காசு பற்றிப் பேசினார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். நிறுவனர்களில் முக்கியமானவர் மலேசியத் தமிழரான விஜய் ஈஸ்வரன். பினாங்கில் பிறந்தவர், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தவர். சென்னையில் போலீஸ் வழக்கு வந்தது. செய்தித்தாளில் அது பெரிய செய்தி. ஆனால் 2014-ல் உச்ச நீதிமன்றம், புகார் கொடுத்தவர்களோடு சமரசம் ஆகிவிட்டதைக் கருத்தில் கொண்டு அந்த வழக்கை ரத்து செய்தது. கைது செய்தியை மட்டும் படித்தவருக்கு ஒரு படம் கிடைக்கும், தீர்ப்பை மட்டும் படித்தவருக்கு வேறு படம் கிடைக்கும். இரண்டையும் படிக்க வேண்டும். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கோல்ட்குவெஸ்ட் என்ற பெயர் குவெஸ்ட்நெட் ஆனது, பிறகு க்யூநெட் ஆனது. விற்ற பொருளும் தங்கக் காசிலிருந்து பயோ டிஸ்க், கடிகாரம், விடுமுறைப் பயணம் என்று மாறியது. இந்தியாவில் விஹான் என்ற கம்பெனி வழியாக நடந்தது. 2013-ல் மும்பைப் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. 2016-ல் பில்லியர்ட்ஸ் உலக சாம்பியன் மைக்கேல் ஃபெரேரா அந்த வழக்கில் கைதானார். விஹானின் 80 சதவீதப் பங்கு அவர் பெயரில் இருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்திருக்கிறது. பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால், "க்யூநெட்டா, புதுக் கம்பெனி" என்றுதான் ஒருவர் நினைத்திருப்பார். ஆட்களை வைத்துத் தேடியவருக்கு மட்டும் சென்னையிலிருந்து தொடர்ச்சி தெரியும்.

பிரபலங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "அவ்வளவு பெரிய மனிதர் மேடையில் இருந்தாரே" என்பதுதான் ஏமாந்தவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். ஜப்பானில் ஜப்பான் லைஃப் என்ற கம்பெனி காந்த மெத்தைகளையும் காந்த அணிகளையும் வைத்து வயதானவர்களிடம் பணம் திரட்டியது. அதன் தலைவர் தகாயோஷி யமாகுச்சி, 2015-ல் பிரதமர் ஷின்சோ அபே நடத்திய செர்ரி மலர் விருந்துக்கு அழைக்கப்பட்டார். அந்த அழைப்பிதழையே படம் எடுத்து ஆள் சேர்க்கும் கூட்டங்களில் காட்டினார்கள். பிரதமரே கூப்பிட்ட மனிதர் என்று நம்பி எத்தனையோ ஓய்வூதியக்காரர்கள் சேமிப்பைக் கொடுத்தார்கள். இத்தனைக்கும் அவருடைய விற்பனை முறை பற்றி 1980-களிலேயே அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்திருந்தது. 2020-ல் கைதாகி, 2022-ல் எட்டு ஆண்டு தண்டனை பெற்றார். ஒரு பழைய நாடாளுமன்றக் குறிப்பையும் ஒரு புது அழைப்பிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

நம் ஊரில் இந்த இடத்தை "டாக்டர்" என்ற முன்னொட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. எம்.எல்.எம். போஸ்டரில் பாதிப் பேருக்கு டாக்டர் பட்டம். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது. 2023 பிப்ரவரியில் ஓர் அமைப்பு அண்ணா பல்கலைக்கழகத்தின் அரங்கத்தையே வாடகைக்குப் பிடித்து, திரைப் பிரபலங்கள் உள்ளிட்ட பலருக்குப் போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. பட்டம் வாங்கிய பிரபலங்களே ஏமாந்து நின்றார்கள். அப்படியிருக்க, அந்த மாதிரி ஒரு பட்டத்தைப் பார்த்து நம் பணத்தைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களும் அப்படியே. கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி., உத்யம், ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, "மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது" என்பார்கள். உத்யம் பதிவு இணையத்தில் சுயவிவரம் கொடுத்து இலவசமாகப் பெறுவது. கம்பெனிப் பதிவு என்பது அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு மட்டும் ஆதாரம். மக்களிடம் பணம் வாங்கலாம் என்ற அனுமதி அதில் ஒரு வரிகூட இருக்காது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, பிரமிட் திட்டம் நடத்தக் கூடாது, குறைதீர் அலுவலரை நியமித்து அவர் விவரத்தை வெளியிட வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அழைத்தும் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா என்பதே ஒரு தகவல்.

கம்பெனி முதலாளியைச் சொன்னேன். உங்களுக்கு நேராக மேலே இருக்கும் லீடரையும் விடக் கூடாது. பல நேரம் முதலாளியைவிட இவர்தான் முக்கியம். ஒன்காயினில் மாதாமாதம் பெரும் பணம் பார்த்த நெதர்லாந்து லீடர் ஒருவர், அது ஆட்டம் காணத் தொடங்கியதும் டாக்காயின் என்ற வேறொன்றுக்குப் போய் அங்கேயும் லட்சக்கணக்கில் சம்பாதித்தார். இப்படித் தாவுகிறவர்களின் முதலீடு அவர்களுக்குக் கீழே சேர்ந்த டவுன்லைன் மட்டுமே. ஒரு கூட்டத்தை ஒரு திட்டத்திலிருந்து எடுத்து இன்னொரு திட்டத்தில் இறக்குவார்கள். முதலில் இறங்குவதால் இவர்களுக்குப் பணம் வந்துவிடும். கடைசியில் சேர்ந்தவர் கடனோடு நிற்பார். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஃபேஸ்புக். உங்கள் லீடரின் பக்கத்துக்குப் போய்க் கீழே கீழே நகர்த்திக்கொண்டே போங்கள். இந்த வருடம் இந்தக் கம்பெனி, இரண்டு வருடம் முன்னால் வேறு கம்பெனி, அதற்கு முன்னால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அதே கோட்டு, அதே "வாழ்க்கையை மாற்றும் வாய்ப்பு", அதே கண்ணீர்ப் பேச்சு. பழைய பதிவுகளை அழித்திருந்தால், பழைய படங்களில் மற்றவர்கள் அவரை டேக் செய்திருப்பார்கள். பழைய கம்பெனியின் இணையதளம் இப்போது இல்லையென்றால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் அதன் பழைய பக்கங்கள் கிடைக்கலாம். ஆங்கிலம் படிக்க முடிந்தவர்கள் பிஹைண்ட் எம்.எல்.எம். தளத்தைப் பாருங்கள். புதிதாக ஒரு திட்டம் வந்தால் அவர்கள் எழுதும் அலசலில் முதல் பகுதியே யார் நடத்துகிறார்கள் என்பதுதான். யார் நடத்துகிறார்கள் என்று ஒரு கம்பெனி தன் தளத்தில் சொல்லவே இல்லை என்றால், பணம் கட்டும் முன் நன்றாக யோசியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம்.

தெரிந்த அக்கா ஒருவர் அண்மையில் போன் செய்தார். "தம்பி, எங்க நாத்தனார் வீட்டுக்காரர் கூப்பிடுறார், மறுத்தா வருத்தப்படுவார், என்ன சொல்றது?" என்றார். "அக்கா, மறுக்க வேண்டாம். 'அண்ணா, சேருறேன், ஆனா எங்க வீட்டுக்காரர் கேக்குறார், டைரக்டர்கள் பேரும் டி.ஐ.என். நம்பரும் அனுப்புங்க'ன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். இரண்டு நாள் கழித்து அந்த அண்ணன், "மேலே கேட்டேன், அதெல்லாம் இப்ப தர மாட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டாராம். அவருக்கே அப்போதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. சொந்தத்தில் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் மோசடிக்காரர் இல்லை. அவரும் பணம் கட்டி மாட்டிக்கொண்டவர். அவரை அவமானப்படுத்தாமல், அவரையே கேள்வி கேட்க வைப்பது நல்லது.

இதில் ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பின்னணி சுத்தமாக இருந்தால் திட்டம் சுத்தம் என்று அர்த்தமில்லை. பெர்னார்ட் மேடாஃப் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே தலைவராக இருந்தவர். வரலாற்றின் மிகப் பெரிய போன்சி மோசடி அவருடையது. ஆம்வேயை 1959-ல் மிச்சிகனில் தொடங்கிய ரிச் டிவாஸ், ஜே வான் ஆண்டல் இருவரும் ஊரறிந்த மனிதர்கள், பெயரை மறைக்கவில்லை. திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் அவர்களுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது. இருந்தும் 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை, அந்த நிறுவனம் பிரமிட் மோசடி நடத்துவதாகக் குற்றம் சாட்டி 757 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. ஆளை விசாரிப்பது முதல் வடிகட்டி. அதில் தேறாதவரை அப்போதே விட்டுவிடலாம். தேறியவரிடம், "பொருளை விற்றுப் பணம் வருகிறதா, ஆள் சேர்த்துப் பணம் வருகிறதா?" என்ற கேள்வியை அதற்குப் பிறகும் கேட்டே ஆக வேண்டும்.

பணம் கட்டிய பிறகு இந்த வேலையைச் செய்ய மனம் வராது. 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில், விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொன்ன மை வி3 ஆட்ஸ் கம்பெனியின் விவகாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டதை எல்லோரும் பார்த்தோம். கம்பெனிமீது வழக்குப் போட்டதை எதிர்த்து, கம்பெனிக்கு ஆதரவாக வந்த கூட்டம் அது. தன் பணம் உள்ளே இருக்கும்போது கம்பெனியைச் சந்தேகிப்பது தன்னையே சந்தேகிப்பதுபோல ஆகிவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஐடி போடுவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு நாள்தான் நம் கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள், பணம் வரவில்லை என்றால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸாப் உரையாடல், ஜூம் கூட்டத்தின் பதிவு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இணைய வழியில் பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். நுகர்வோர் குறைகளுக்கு 1915. பெரிய தொகை, பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைக் காக்க 1997-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் நிதி மோசடி வழக்கில் 2022-ல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறையும் 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்ததற்கு, மக்கள் முன்வந்து சாட்சி சொன்னதும் காரணம்.

இந்த மாதம் யாராவது உங்களை "ஒரு சின்ன மீட்டிங்" என்று கூப்பிட்டால் கட்டாயம் கேளுங்கள்: கம்பெனியின் சி.ஐ.என். என்ன, இயக்குநர்கள் யார், அவர்கள் டி.ஐ.என். என்ன, இதற்கு முன் எந்தக் கம்பெனியில் இருந்தார்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.